வேலை நேரத்தைக் குறைத்தால் சம்பளமும் குறையுமா?

2023 ஏப்ரலில், 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம் நம் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது மதுரையில் டீக்கடை வரைக்கும் அதுதான் பேச்சு. எதிர்ப்பு வலுக்கவே, மே 1 அன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். வேலை நேரத்தைக் கூட்டினால் ஊரே பேசுகிறது. குறைத்தால் யாரும் பேசுவதில்லை. நேரம் குறைக்கப்பட்டவரும் பேசுவதில்லை. "வியாபாரம் இல்ல, முதலாளி மட்டும் என்ன செய்வாரு" என்று அவரே நமக்குச் சமாதானம் சொல்கிறார்.

தீபாவளி, பொங்கல் முடிந்து முகூர்த்தங்களும் குறைந்துவிட்டால் ஜவுளிக்கடைகளில் கூட்டம் வற்றிவிடும். காலை 9 மணிக்கு வந்தவரை "இனிமே மதியம் ரெண்டு மணிக்கு வந்தா போதும்" என்பார்கள். கப்பலூர் தொழிற்பேட்டையில் ஆர்டர் நின்றால் ஆறு நாள் வேலை நாலு நாளாகும். செல்லூரில் நூல் விலை ஏறினால் தறி நிற்கும். சொல்வது வாய்வார்த்தையாகத்தான் இருக்கும். மாதக் கடைசியில் கவரைப் பிரித்துப் பார்த்தால்தான் எவ்வளவு போயிற்று என்று தெரியும்.

இதில் சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் புதிதாகத் தெரிந்துகொள்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முழுக்க நினைவில் நிற்காவிட்டாலும் பரவாயில்லை, ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். முதலாளி வேலை கொடுக்காத நாள் வேறு, தொழிலாளி வேலைக்கு வராத நாள் வேறு. முதலாவது பதிவேட்டில் இரண்டாவதாக மாறிவிட்டால் உங்கள் உரிமைகளில் பாதிக்கு மேல் அங்கேயே கரைந்துவிடும். கீழே வரும் விதிகள் ஒவ்வொன்றும் சுற்றிச் சுற்றி இந்த இடத்துக்கே வருவதைப் பார்ப்பீர்கள்.

ஒரு சின்னக் குறிப்பு. 2025 நவம்பர் 21 முதல் பழைய 29 மத்தியத் தொழிலாளர் சட்டங்களின் இடத்தில் நான்கு தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. நமக்கு இங்கே முக்கியமாக வேண்டியவை இரண்டு: 2019-ன் ஊதியத் தொகுப்பு, 2020-ன் தொழில் உறவுகள் தொகுப்பு. நேரக் குறைப்பைப் பொறுத்தவரை 1947-ன் தொழில் தகராறு சட்டத்திலும் 1948-ன் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்திலும் இருந்த அடிப்படை விதிகள் பெரும்பாலும் அப்படியே தொடர்கின்றன. எங்கே மாறியிருக்கிறது என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

எந்த வகைக் குறைப்பு?

நேரத்தைக் குறைத்தார்கள் என்று ஒருவர் வந்து சொன்னால் நான் முதலில் கேட்பது, சம்பளம் குறைந்ததா என்பதைத்தான். நேரம் குறைந்து சம்பளம் அப்படியே இருந்தால் சண்டைக்கு ஒன்றுமில்லை. சந்தோஷமாக வீட்டுக்குப் போகலாம்.

சம்பளமும் குறைந்தால் அடுத்த கேள்வி: இது எப்போதைக்குமான மாற்றமா, இல்லை இன்றைக்கு வேலை இல்லை என்ற தற்காலிக நிலைமையா? "இனிமேல் உங்கள் வேலை நேரம் இவ்வளவுதான், சம்பளமும் இவ்வளவுதான்" என்பது பணி நிபந்தனையை மாற்றுவது. "கரண்ட் இல்லை, சரக்கு தேங்கிக் கிடக்கிறது, மிஷின் பழுது, ஒரு வாரம் கழித்து வாருங்கள்" என்பது லே-ஆஃப். ஐடி கம்பெனிகளில் ஆளை அனுப்புவதையே லே-ஆஃப் என்கிறார்கள், அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். சட்டப்படி லே-ஆஃப் செய்யப்பட்டவருக்கு வேலை போய்விடவில்லை. அவர் பெயர் மஸ்டர் ரோலில், அதாவது ஆட்களின் வருகைப் பதிவேட்டில், இருக்கிறது. அன்றைக்கு வேலை கொடுக்க முதலாளியால் முடியவில்லை, அவ்வளவுதான்.

இந்த இரண்டுக்கும் விதிகள் வேறு வேறு. இரண்டிலும் சேராத மூன்றாவது வகை ஒன்று உண்டு. முழு நாள் வந்தவரை அரை நாளில் அனுப்பிவிடுவது. சின்னக் கடைகளில் அதிகம் நடப்பது இதுதான். அதற்கும் விதி இருக்கிறது, அது பலருக்குத் தெரியாது.

சம்பளத்தில் எதற்கெல்லாம் பிடிக்கலாம்?

சம்பளத்தில் பிடித்தம் செய்ய முதலாளிக்கு உள்ள காரணங்களைச் சட்டம் பட்டியல் போட்டு அடைத்து வைத்திருக்கிறது. பி.எஃப்., இ.எஸ்.ஐ., வாங்கிய முன்பணம், முறைப்படி விதித்த அபராதம், கடமைக்கு வராத நாள் என்று அது போகும். அந்தப் பட்டியலில் "வியாபாரம் மந்தம்" என்ற காரணம் கிடையாது.

அப்படியானால் மந்தமான மாதத்தில் சம்பளத்தை எந்தக் கணக்கில் குறைக்கிறார்கள்? அநேகமாக, வராத நாள் என்ற கணக்கில்தான். நீங்கள் காலையில் வந்து நின்றீர்கள், திருப்பி அனுப்பினார்கள், பதிவேட்டில் உங்கள் பெயருக்கு நேரே ஆப்சென்ட் விழுந்தது. அந்த ஒரு எழுத்தால், கொடுக்கப்படாத வேலை செய்யப்படாத வேலையாகிவிடுகிறது.

அதனால்தான் வருகைப் பதிவைப் பற்றி இத்தனை அழுத்திச் சொல்கிறேன். "வேலை இல்லேன்னு போன்லயே சொல்லிட்டாங்க, எதுக்கு அலையணும்" என்று பலரும் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். திருமங்கலத்திலிருந்தோ உசிலம்பட்டியிலிருந்தோ பஸ்ஸுக்குக் காசு கொடுத்து வந்து திரும்புவது எரிச்சல்தான், மறுக்கவில்லை. ஆனாலும் எழுத்தில் அறிவிப்பு வராதவரை போய் நில்லுங்கள். கையெழுத்துப் போட விடவில்லை என்றால் கேட் பக்கத்தில் நின்று சூப்பர்வைசருக்கு ஒரு வாட்ஸ்அப் அனுப்புங்கள்: "சார், காலை 8 மணிக்கு வேலைக்கு வந்துள்ளேன். இன்று வேலை இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டேன்." தேதியும் நேரமும் தானாகவே அதில் ஏறிவிடும். பின்னால் சாட்சிக்கு ஆள் தேட வேண்டியதில்லை.

கேட்டில் இரண்டு மணி நேரம்

லே-ஆஃப் விதியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. காலையில் வேலை தொடங்கும் நேரத்தில் வந்து நிற்கும் தொழிலாளிக்கு இரண்டு மணி நேரத்துக்குள் வேலை கொடுக்கவில்லை என்றால், அன்றைய நாள் அவர் லே-ஆஃப் செய்யப்பட்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்கிறது. முதலாளி வாய் திறந்து "லே-ஆஃப்" என்று சொல்ல வேண்டும் என்பதில்லை.

காலை ஷிஃப்டுக்கு வந்தவரை "சாப்பாட்டுக்கு அப்புறம் வாங்க" என்று பாதி ஷிஃப்டுக்குக் கூப்பிட்டு, அப்போது வேலை கொடுத்தால் அரை நாள் மட்டுமே லே-ஆஃப். மதியமும் வரச் சொல்லி, வந்தபின் மறுபடி வேலை இல்லை என்றால், அந்தப் பிற்பாதிக்கு அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் (விலைவாசிக்காகச் சேர்த்துத் தரும் டி.ஏ.) முழுசாகத் தர வேண்டும். ஒரே நாளில் ஒருவரை இரண்டு முறை அலைக்கழித்தால் அதற்கு விலை உண்டு என்று 1947-ன் சட்டத்துக்கு ஆரம்பத்திலேயே செய்த திருத்தங்களில் எழுதி வைத்திருக்கிறார்கள். தொழிலாளியின் நடையையும் கணக்கில் எடுத்த விதி அது.

லே-ஆஃப் நாட்களுக்கு எவ்வளவு கிடைக்கும்? அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் பாதி. வாராந்திர விடுமுறை நாளுக்குக் கிடையாது. நாளொன்றுக்கு அடிப்படையும் பஞ்சப்படியுமாக 520 ரூபாய் வாங்கும் ஒருவரை ஒரு திங்கட்கிழமையிலிருந்து அடுத்த வாரச் சனிக்கிழமை வரை லே-ஆஃப் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் ஒரு ஞாயிறு போக 12 நாட்கள். 260 ரூபாய் வீதம் 3,120 ரூபாய் அவருக்கு வர வேண்டும். பெரிய தொகை இல்லைதான். வீட்டு வாடகைக்கு ஆகும்.

இதைப் பெறச் சில தகுதிகள் உண்டு. தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் இவற்றில் ஒன்றாக இருக்க வேண்டும். முந்தைய மாதத்தில் சராசரியாக 50 பேருக்குக் குறையாமல் வேலை பார்த்திருக்க வேண்டும். பருவகாலத் தொழிலாக இருக்கக் கூடாது. தொழிலாளி அங்கே ஓராண்டு தொடர்ச்சியாக வேலை பார்த்திருக்க வேண்டும். 12 மாதத்தில் 240 நாள் வேலை என்பது அதற்கான கணக்கு. பதிலி ஆளுக்கும் (நிரந்தர ஆள் வராத நாளில் அவர் இடத்தில் வேலை பார்ப்பவர்) தற்காலிக ஆளுக்கும் கிடையாது. ஆனால் பதிலி என்ற பெயரில் ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்துவிட்டவரை அதன்பிறகு பதிலி என்று சொல்லி ஒதுக்க முடியாது. "நீ பதிலிதானப்பா" என்று வருஷக்கணக்கில் கேட்டுக்கொண்டிருக்கிற தம்பிகள் இந்த வரியை இன்னொரு தடவை படியுங்கள்.

எப்போது கிடைக்காமல் போகும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். வழக்கமான நேரத்தில் நாளுக்கு ஒரு தடவையாவது போய் ஆஜராகவில்லை என்றால் கிடைக்காது. மறுபடியும் அதே இடத்துக்கு வந்துவிட்டோம். அதே நிறுவனத்திலோ, பக்கத்தில் சுமார் 8 கிலோமீட்டருக்குள் அதே முதலாளியின் இன்னொரு இடத்திலோ, தனித்திறமை தேவைப்படாத, உங்களால் செய்யக்கூடிய மாற்று வேலையை அதே சம்பளத்துக்குக் கொடுத்து நீங்கள் மறுத்தாலும் கிடைக்காது. நிறுவனத்தின் இன்னொரு பகுதியில் நடக்கும் வேலைநிறுத்தத்தால் உங்கள் பகுதி நின்றாலும் கிடைக்காது. லே-ஆஃப் நாளில் வேறு எங்காவது கூலி வேலைக்குப் போய்விட்டால், அன்றைக்கு ஆஜராகாதவராகிவிடுவீர்கள். அங்கே கிடைக்கும் கூலி, இங்கே போகும் பாதிச் சம்பளம் இரண்டையும் எடை போட்டுப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

12 மாதத்தில் 45 நாளைத் தாண்டி லே-ஆஃப் நீண்டால் என்ன ஆகும்? 45 நாளுக்கு மேல் இழப்பீடு வேண்டாம் என்று தொழிலாளியும் முதலாளியும் ஒப்பந்தம் போட்டிருந்தால் மட்டுமே அது நிற்கும். ஒப்பந்தம் இல்லை என்றால் தொடர்ந்து தர வேண்டும். ஏதோ ஒரு காகிதத்தை நீட்டி "சும்மா ஒரு கையெழுத்து, பார்மாலிட்டிதான்" என்றால், இந்த ஒப்பந்தமாக இருக்கலாம்.

2012-ல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது நம் பக்கத்து ஆலைகளிலும் பட்டறைகளிலும் கரண்ட் இருக்கிற நேரமே வேலை நேரமாக இருந்தது. மின்சாரப் பற்றாக்குறை என்பது லே-ஆஃப் விதியில் பெயர் சொல்லியே குறிப்பிட்டிருக்கும் காரணங்களில் ஒன்று. அப்போது கிடைத்திருக்க வேண்டிய பாதிச் சம்பளத்தைக் கேட்க வேண்டும் என்றே தெரியாமல் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு ஆறுவதில்லை.

ரொம்பப் பெரிய ஆலைகளுக்கு இன்னொரு கட்டுப்பாடு உண்டு. லே-ஆஃப் செய்யவே அரசின் முன் அனுமதி வேண்டும், மின்தடை, இயற்கைப் பேரிடர் போன்ற காரணங்கள் தவிர. இந்த வரம்பு பழைய சட்டத்தில் 100 தொழிலாளர்கள். தொழில் உறவுகள் தொகுப்பில் 300 ஆக்கிவிட்டார்கள். நடுத்தர ஆலைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு இது உண்மையான இழப்பு. நல்ல மாற்றம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

50 பேர் இல்லாத கடைகளில்

மாசி வீதிகளில் இருக்கும் பெரும்பாலான கடைகளுக்கு மேலே சொன்ன பாதிச் சம்பள விதி பொருந்தாது. ஒன்று, அவை தொழிற்சாலைகள் அல்ல. இரண்டு, 50 பேரும் இருக்க மாட்டார்கள். "அப்ப எங்களுக்கு ஒண்ணுமே இல்லையா?" என்று கேட்பீர்கள். இருக்கிறது.

முதலாவது, ஊதியத் தொகுப்பில் உள்ள குறை நேர விதி. நாள் கணக்கில் குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்கப்பட்ட ஒருவர் வேலைக்கு வந்து, முழு நாளுக்குக் குறைவான நேரமே வேலை பார்க்க நேர்ந்தாலும், முழு நாள் வேலை பார்த்ததாகவே கருதி அந்த நாளுக்கான கூலியைத் தர வேண்டும். 1948-ன் சட்டத்திலேயே இருந்த விதி இது. ஆட்களின் எண்ணிக்கை 5 ஆனாலும் 500 ஆனாலும் பொருந்தும். முக்கியமான விலக்கு, வேலை கொடுத்தும் செய்ய மனமில்லாமல் தொழிலாளியே செய்யாமல் விட்டது. முதலாளி வேலை கொடுக்காததால் நேரம் குறைந்தது என்றால் கூலியைக் குறைக்க முடியாது.

ஒரு நாளைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். விளக்குத்தூண் பக்கம் நாள் கூலிக்கு இருக்கும் ஓர் அக்கா காலை 9 மணிக்கு வந்து கல்லாவுக்குப் பின்னால் மாட்டியிருக்கும் நோட்டில் கையெழுத்துப் போடுகிறார். மூட்டை பிரித்துச் சேலைகளை அடுக்குகிறார். ஒரு மணி வரை ஆறேழு பேர்தான் வந்து போகிறார்கள். "அக்கா, நீங்க கிளம்புங்க, இன்னைக்கு அரை நாள் போட்டுக்கலாம்" என்கிறார் மேனேஜர். அந்த அரை நாளை முடிவு செய்தது அக்கா இல்லை. ஆகவே அன்றைக்குரிய குறைந்தபட்சக் கூலி முழுசாக அவருக்குச் சேர வேண்டும். அக்காவே வீட்டில் விசேஷம் என்று கேட்டுக்கொண்டு ஒரு மணிக்குக் கிளம்பியிருந்தால் கதை வேறு. எனவே அன்றைய நோட்டில் "அரை நாள்" என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது, "கடை தரப்பில் அனுப்பப்பட்டது" என்று இருக்க வேண்டும். எழுத மறுத்தால் மேலே சொன்ன வாட்ஸ்அப் வழிதான்.

தமிழ்நாட்டில் ஒவ்வொரு தொழிலுக்கும் தனித்தனியாகக் குறைந்தபட்சக் கூலி அறிவிக்கப்படுகிறது. அதோடு சேரும் பஞ்சப்படி ஆண்டுதோறும் ஏப்ரல் 1 முதல் மாறும். உங்கள் தொழிலுக்கு இந்த வருஷம் எவ்வளவு என்று தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். அதற்குக் குறைவாக வாங்கிக்கொள்ளச் சம்மதம் என்று நீங்களே எழுதிக் கொடுத்திருந்தாலும் அந்தச் சம்மதம் செல்லாது.

சரி, அரை நாளாகக்கூட இல்லை, வாரத்தில் இரண்டு நாள் வரவே வேண்டாம் என்கிறார்கள், கடையில் 20 பேர்தான். அதற்கு? இங்கேதான் 1976-ல் வந்த ஓர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு கைகொடுக்கிறது. ஃபயர்ஸ்டோன் டயர் கம்பெனி வழக்கு. 50 பேருக்குக் குறைவான ஓர் இடத்தில் லே-ஆஃப் செய்த விவகாரம். லே-ஆஃப் செய்யும் அதிகாரம் முதலாளிக்குத் தானாக வந்துவிடாது, வேலை ஒப்பந்தத்திலோ நிலையாணையிலோ (நிறுவனத்தின் எழுத்திலான பணி விதிகள்) சட்டத்திலோ அது இருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். அப்படி எதுவும் இல்லாமல் ஒருவரை வேலையில் வைத்துக்கொண்டே வேலை கொடுக்காமல் இருந்தால், அந்த நாட்களுக்கு அவர் சம்பளம் கேட்கலாம். 50 பேருக்குக் கீழே என்பதால் பாதிச் சம்பள விதி இல்லை, ஆகவே எதுவுமே தர வேண்டாம் என்று பல முதலாளிகள் நினைக்கிறார்கள். சட்டம் அப்படி இல்லை. நீதிமன்றம் வரை போனால்தான் இது பணமாகக் கைக்கு வரும் என்பது உண்மை. பேச்சுவார்த்தைக்கு உட்காரும்போது கையில் வைத்திருக்க இது நல்ல பிடி.

21 நாள் நோட்டீஸ்

நிரந்தரமாக நேரத்தையும் சம்பளத்தையும் மாற்றுவது என்றால் வழி வேறு. சம்பளம், படிகள், வேலை நேரம், இடைவேளை, ஷிஃப்ட் முறை, நாள்பட்டு அனுபவித்துவந்த சலுகை ஆகியவற்றில் தொழிலாளிக்குப் பாதகமாக எதை மாற்றுவதானாலும் முதலாளி முன்கூட்டி எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். கொடுத்து 21 நாள் ஆகும் முன்னால் மாற்றத்தை அமல்படுத்தக் கூடாது. பழைய சட்டத்தில் 9ஏ பிரிவாக இருந்தது, புதிய தொகுப்பிலும் இருக்கிறது. கடை, தொழிற்சாலை, ஆட்களின் எண்ணிக்கை என்ற பேதம் இதற்கு இல்லை. தொழிலாளி என்ற வரையறைக்குள் வருபவராக இருந்தால் போதும். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர்களும் அந்த வரையறைக்கு வெளியே போய்விடுவார்கள்.

நோட்டீஸ் கொடுத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று அர்த்தமில்லை. அந்த 21 நாள் தொழிலாளர்கள் பேசுவதற்கும் ஆட்சேபிப்பதற்கும் உள்ள அவகாசம். விஷயம் தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் முன் போய்ப் பேச்சுவார்த்தை தொடங்கிவிட்டால், அது நடந்துகொண்டிருக்கும்போது அந்த விவகாரத்தில் பணி நிபந்தனைகளை முதலாளி தன்னிச்சையாக மாற்றக் கூடாது. எனவே நோட்டீஸ் ஒட்டிய அன்றே அதைப் போட்டோ எடுங்கள், அந்த வாரத்துக்குள் ஒன்றுகூடுங்கள்.

ஒன்றுகூடச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வேலையை விட்டு நீக்கப்பட்டவர் தனி ஆளாகத் தொழில் தகராறு எழுப்ப முடியும். நேரக் குறைப்பு போன்ற விஷயத்தில் சங்கமோ, கணிசமான தொழிலாளர்கள் சேர்ந்தோதான் எழுப்ப முடியும். ஒரு கடையில் எட்டுப் பேர் இருந்து ஆறு பேர் கையெழுத்துப் போட்டால் அது கணிசம். மதுரையில் சிஐடியு, ஏஐடியுசி, தொமுச, ஐஎன்டியுசி என்று எல்லாச் சங்கங்களும் இருக்கின்றன. உங்களுக்கு நம்பிக்கையான ஒன்றிடம் போங்கள்.

கண்ணுக்குத் தெரியாமல் போகிறவை

நேரம் குறைந்ததால் இந்த மாதம் போன பணம் தெரிகிறது. பின்னால் போகப்போவது தெரிவதில்லை.

இ.எஸ்.ஐ.யை எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பு முடியாமல் படுத்தால் கிடைக்கும் நோய்க்கால உதவித்தொகைக்கு, ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாட்களுக்குப் பங்களிப்பு கட்டியிருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு காலம், அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. வாரம் மூன்றே நாள் வேலை என்றால் 26 வாரத்துக்குச் சரியாக 78 நாள். ஒரு நாள் காய்ச்சலில் விட்டுப்போனாலும் 77. அப்புறம் தத்தனேரி இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆனாலும் அந்த நாட்களுக்கான பணம் வராது. இதில் ஓர் ஆறுதல், லே-ஆஃப் காலத்துக்குக் கொடுக்கும் தொகையும் இ.எஸ்.ஐ. கணக்கில் சம்பளம்தான். அதற்கும் பங்களிப்பு கட்ட வேண்டும். ஆப்சென்ட் என்று எழுதிவிட்டால் அந்த நாள் எதிலும் சேராது.

கருவுற்ற பெண்களுக்கும் இதே கணக்குதான். மகப்பேறு பலன் பெற, பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும் என்ற விதியில், லே-ஆஃப் நாட்களையும் வேலை நாட்களாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றே இருக்கிறது. மகப்பேறு விடுப்பில் இருக்கும்போது அவருடைய பணி நிபந்தனைகளைப் பாதகமாக மாற்றுவது சட்டவிரோதம். "நீ திரும்பி வந்தா அரை நேரம்தான்" என்று விடுப்பிலேயே சொல்லி அனுப்புவதை ஏற்க வேண்டியதில்லை.

எல்லாவற்றிலும் பெரிய அடி, வேலையை விட்டுப் போகும்போது மொத்தமாகக் கிடைக்கும் பணிக்கொடையில் (கிராஜுவிட்டி) விழும். பணிக்கொடையைக் கடைசியாக வாங்கிய மாதச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடுகிறார்கள். அதை 26 ஆல் வகுத்து, 15 ஆல் பெருக்கி, வேலை பார்த்த ஆண்டுகளால் பெருக்க வேண்டும். 18 வருஷம் வேலை பார்த்தவரின் சம்பளம் 15,600 ரூபாய் என்றால் அவருக்கு 1,62,000 ரூபாய். கடைசி வருஷத்தில் நேரம் குறைத்து, 10,400 ரூபாய்க்குச் சம்மதம் என்று எழுதி வாங்கிவிட்டால் அது 1,08,000 ரூபாய் ஆகிவிடும். கடைசி ஒரு வருஷக் குறைப்பு முந்தைய 17 வருஷத்தையும் சேர்த்து அடிக்கிறது. ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர்கள் எந்தக் குறைப்புக்கும் கையெழுத்துப் போடும் முன் இந்தக் கணக்கை ஒரு பேப்பரில் போட்டுப் பாருங்கள்.

முதலாளியும் நல்லவர், நிலைமையும் நிஜம் என்றால்

அப்படியும் உண்டு. பத்துப் பேரை வைத்துச் சின்னப் பட்டறை நடத்துகிறவர் கடன் வாங்கிச் சம்பளம் போடுவதைக் கண்ணால் பார்க்கிறோம். நாலு பேரை அனுப்புவதற்குப் பதில் எல்லோரும் கொஞ்சம் நேரத்தைக் குறைத்துக்கொள்வோம் என்று அவர் கேட்டால் அதை ஏற்பது நியாயமான முடிவாக இருக்கலாம். 2020 ஊரடங்கு நேரத்தில் சம்பளப் பிரச்சினை உச்ச நீதிமன்றம் வரை போனபோது, நீதிமன்றமும் இரு தரப்பையும் உட்கார்ந்து பேசச் சொன்னது. ஏற்பதானால் எழுத்தில் ஏற்றுக்கொள்ளுங்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, அதற்குப்பின் பழைய நேரமும் பழைய சம்பளமும் திரும்பும் என்ற வரி, பணிக்கொடைக்குப் பழைய சம்பளமே கணக்கு என்ற வரி, இ.எஸ்.ஐ. நாட்கள் குறையாது என்ற உறுதி. இவ்வளவும் ஒரு பக்கத்தில் அடங்கும். மனசு நல்லதாக உள்ள முதலாளிக்கு இதில் கையெழுத்துப் போடத் தயக்கம் இருக்காது.

ராஜினாமாக் கடிதத்தில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். "எழுதிக் கொடுத்துட்டுப் போ, சீசன் வந்ததும் கூப்பிடுறோம்" என்பது அடிக்கடி கேட்கும் பேச்சு. ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை ஆள் அதிகம் என்று அனுப்பினால் ஒரு மாத நோட்டீஸும், முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளமும் தர வேண்டும். நீங்களாக ராஜினாமா செய்தால் இது எதுவும் கிடையாது.

எங்கே போவது?

முதலில் முதலாளிக்கு ஒரு கடிதம். வக்கீல் பாஷை வேண்டாம். இப்படி எழுதினால் போதும்:

"ஐயா, நான் தங்கள் கடையில் விற்பனைப் பிரிவில் வேலை பார்த்து வருகிறேன். எனது வேலை நேரம் காலை 9 மணி முதல். இம்மாதம் 3-ஆம் தேதி முதல் பிற்பகல் 2 மணிக்கு வந்தால் போதும் என வாய்மொழியாகத் தெரிவிக்கப்பட்டது. எழுத்துப்பூர்வமான அறிவிப்பு ஏதும் எனக்குத் தரப்படவில்லை. வழக்கமான முழு நேரமும் வேலை செய்ய நான் தயாராக இருக்கிறேன். வேலை நேரக் குறைப்புக்கோ சம்பளக் குறைப்புக்கோ நான் சம்மதம் தரவில்லை. வழக்கமான நேரத்தில் வேலை தரும்படியும், பிடித்தம் செய்த தொகையைத் தரும்படியும் கேட்டுக்கொள்கிறேன்."

இதில் உயிர் நாடி, வேலை செய்யத் தயாராக இருக்கிறேன் என்ற வாக்கியம். தபாலில் அனுப்பி ரசீதையும், நகல் ஒன்றையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். கூடவே பணி நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கில் சம்பளம் ஏறிய பக்கம், இ.எஸ்.ஐ., பி.எஃப். எண்கள் ஆகியவற்றை ஒரு கவரில் சேர்த்துவிடுங்கள். சம்பளச் சீட்டு கொடுப்பது முதலாளியின் கடமை. கொடுக்காவிட்டால் அதையும் கடிதத்தில் ஒரு வரியாகச் சேர்த்துக் கேளுங்கள்.

பதில் இல்லை என்றால், சம்பளத்தைக் குறைத்துக் கொடுத்தது பற்றித் தொழிலாளர் துறையில் நீங்கள் தனி ஆளாகவே மனுக் கொடுக்கலாம், சங்கம் மூலமாகவும் கொடுக்கலாம். ஊதியத் தொகுப்பின்படி 3 ஆண்டு வரை கேட்கலாம். பழைய சட்டங்களில் ஆறு மாதம், ஒரு வருஷம் என்றுதான் அவகாசம் இருந்தது. சம்பளம் கொடுத்ததை நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. குறைத்த தொகையோடு, அதைப்போல் பத்து மடங்கு வரை இழப்பீடு கொடுக்கச் சொல்லவும் அதிகாரிக்கு இடமுண்டு. காண்டிராக்டர் மூலம் வேலை பார்ப்பவர்களுக்கு, காண்டிராக்டர் சம்பளம் தராவிட்டால் அவரை வைத்திருக்கும் முதன்மை முதலாளி தர வேண்டும்.

துறையில் தீராத தகராறுகள் தொழிலாளர் நீதிமன்றங்களுக்குப் போகும். மதுரையிலும் ஒன்று இருக்கிறது. வக்கீல் ஃபீஸை நினைத்துத் தயங்குபவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், தொழில் நிறுவனத் தொழிலாளர்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டாலும் வழி சொல்வார்கள். புகார் மனு மாநில அரசு அலுவலகத்தில் தூங்கினால் முதல்வரின் முகவரி 1100-ல் பதியலாம். மனு கொடுக்கும்போது இரண்டு நகல் எடுத்துப் போய், ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டு திரும்புங்கள்.